பேரனுக்கு ஒரு பேரேடு

குத்துச் சண்டை என்ற பேச்சை எடுத்தாலே நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக் கொள்வார்கள். மீதிப் பேர், "அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று அடுப்பங்கரைக்குப் போய் விடுவார்கள். ஆனால், சண்டை போடுகிறவன் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்து விட்டால் என்ன செய்வது? அடுப்பங்கரைக்குப் போனால் மட்டும் தப்ப முடியுமா? அவனுக்கு வேண்டிய சோறு அங்கேதானே வேகிறது!

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வயது 21. சென்னையில் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக் கொண்டிருந்தான். கல்லூரிப் போட்டிகளில் குத்துச் சண்டைக்கு இரண்டு பதக்கம் வாங்கியவன். விளையாட்டுக்காரர்களுக்கென்று ரயில்வேயிலும் ராணுவத்திலும் வேலை ஒதுக்குகிறார்களே, அதில் ஒன்று இவனுக்குக் கிடைத்துவிடும் என்று நாங்கள் கனவு கண்டு கொண்டிருந்தோம். போன தை மாதம் கோவிலூருக்கு வந்தவன், "ஆயா, நான் தொழில்முறைச் சண்டைக்குப் போகப் போறேன். இரண்டு வருஷத்துப் பயிற்சிச் செலவுக்கு நீங்கதான் உதவணும்" என்றான்.

கண் எதன் மேல் என்று பாருங்கள்! என் சிறுவாட்டுப் பணத்தின் மேல்! அவனுடைய அப்பச்சி கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் காலையில் என் மகள் டெலிபோனில் அழுதாள். "ஆத்தா, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னாக் கேட்பான்" என்றாள்.

எங்கள் நகரத்தார் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரியத்துக்கும் உடனே 'ஆகட்டும்' என்றும் சொல்வதில்லை, 'ஆகாது' என்றும் சொல்வதில்லை. முதலில் கணக்கு எழுதிப் பார்ப்போம். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானில் கரண்டி முதல் அண்டா வரை பட்டியல் போடுகிற ஊர் அல்லவா? ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று என்று கோடு போட்டேன். பேரனையே பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு விசாரித்தேன். அவன் சொன்னது பாதி, நான் படித்தும் கேட்டும் தெரிந்து கொண்டது பாதி.

சண்டை என்பது நமக்கு அந்நியமான சங்கதி என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ச் சுவாமியின் பெயரே கொற்றவாளீசுவரர். பெயரிலேயே வெற்றி வாள் இருக்கிறது! பக்கத்திலேயே வேதாந்தம் போதிக்கும் மடாலயமும் இருக்கிறது. வாளும் வேதாந்தமும் ஒரே ஊரில் சண்டையில்லாமல் இருந்து வருகின்றன. என் அப்பச்சி, 1942-ல் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, சிறுபிள்ளையாகப் பர்மாவில் இருந்தவர்கள். அங்கே 'லெத்வே' என்று ஒரு சண்டை. கையுறை கிடையாது, கையில் துணியைச் சுற்றிக் கொண்டு குத்துவார்கள், உதைப்பார்கள், தலையாலும் முட்டுவார்கள். அந்தக் கதையைச் சொல்லியே அப்பச்சி எங்களுக்குச் சோறு ஊட்டுவார்கள்.

சென்னைக்கும் இது புதிதல்ல. வட சென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச் சண்டைக்கே பரம்பரைகள் இருந்தன. வெள்ளைக்காரர்களிடமிருந்து பழகிய வித்தையை, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் மீன் பிடித்தவர்களும் தங்களுடையதாக ஆக்கிக் கொண்டார்கள். 1940-களில் நாட் டெர்ரி என்ற சண்டைக்காரரை வீழ்த்திய கித்தேரி முத்துவின் பெயரை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மரியாதையோடு சொல்கிறார்கள். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' என்று சினிமா வந்த பிறகு மற்றவர்களுக்கும் இந்தச் சரித்திரம் கொஞ்சம் தெரிந்தது. சென்னைப் பிள்ளை தேவராஜன் 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வாங்கி, அர்ஜுனா விருதும் பெற்றார்.

"அதெல்லாம் பதக்கத்துக்குப் போடும் சண்டை, ஆயா. நான் சொல்றது வேறே" என்றான் பேரன். வித்தியாசத்தையும் விளக்கினான். பதக்கத்துக்கான சண்டையில் மூன்று நிமிஷம் வீதம் மூன்று சுற்று. தொழில்முறையில் புதியவனுக்கு நாலு சுற்று. தேறத் தேற ஆறு, எட்டு, பத்து என்று உயர்ந்து, பட்டத்துக்கு வந்தால் பன்னிரண்டு. சம்பளம் மாதா மாதம் வராது. சண்டைக்கு இவ்வளவு என்று பேசிக் கொள்ள வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு பயிற்சியாளருக்குப் போவது வழக்கம். நிர்வாகியென்று ஒருவர் இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. சண்டை இல்லாத மாதத்தில் வரவு பூஜ்யம்.

வரவுப் பக்கத்துக்கு அவன் காட்டிய பெயர் நிஷாந்த் தேவ். ஹரியானாவில் கர்னால் ஊர்க்காரர். 2010-ல், பத்து வயதுகூட நிரம்பாதபோது, மாடிப்படியில் விழுந்து தோள் நழுவி, உள்ளே கம்பி வைத்தார்கள். அந்தத் தோளோடு 2012-ல் குத்துச் சண்டை பழகத் தொடங்கினார். 2022-ல் மறுபடி அதே தோளில் ஆபரேஷன். 2023-ல் தாஷ்கண்டில் உலகப் போட்டியில் வெண்கலம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 71 கிலோ எடைப் பிரிவில் காலிறுதி வரை போய், மெக்ஸிகோக்காரர் மார்கோ வெர்டேயிடம் தோற்றார். இன்னும் ஒரு வெற்றி கிடைத்திருந்தால் பதக்கம் நிச்சயம். தீர்ப்பு சரியில்லை என்று நம்மவர்கள் பலர் பொருமினார்கள். அவரோ பொருமிக் கொண்டு உட்காரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் மேடையில் தொழில்முறையாளராக ஏறி, முதல் சுற்றிலேயே எதிராளியை முடித்துவிட்டார்.

"அவர் போகலாம், நான் போகக் கூடாதா?" என்று கேட்டான் பேரன்.

"போகலாம் அப்பா. ஆனால் அவரைத் தேடிக் கம்பெனிக்காரர் வந்தார். நீ கம்பெனிக்காரரைத் தேடிப் போகிறாய். இரண்டும் ஒன்றா?" என்றேன். பதில் இல்லை.

அடுத்து விஜேந்தர் சிங். 2008-ல் பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கி, ஒலிம்பிக்ஸ் குத்துச் சண்டையில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் கொண்டு வந்தவர். தொழில்முறைக்கு வந்தது 2015-ல், 29 வயதில்தான். தொடர்ந்து 12 வெற்றி. 2021 மார்ச்சில் கோவாவில் முதல் தோல்வி. "பார்த்தாயா? பெயர் எடுத்த பிறகு போனவருக்கு, தோற்றாலும் பெயர் மிச்சம் இருக்கிறது" என்று எழுதிக் கொண்டேன்.

இனிப் பற்றுப் பக்கம். முதல் வரி, சாப்பாடு. எடை குறைக்கிறேன் என்று சண்டைக்கு முன்பு இவர்கள் தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிறார்கள். 2024-ல் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் வெறும் 100 கிராம் அதிகம் என்பதற்காக ஒலிம்பிக்ஸ் இறுதிப் போட்டியையே இழந்தாரே, அந்தத் துயரம் நமக்கெல்லாம் தெரியும். தைப் பொங்கலுக்கு வந்த பிள்ளை என் வெள்ளைப் பணியாரத்தையும் கந்தரப்பத்தையும் தொடாமல் முட்டையின் வெள்ளைக் கருவைத் தேடினபோதே என் மனசு என்னவோ செய்தது.

இரண்டாவது வரி, தலை. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். என் வீட்டுக்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு, "மனுஷன் மேடையில் நடக்கவில்லை, மிதக்கிறார்" என்று ஒரு வாரம் பேசினார்கள். நாலே வருஷத்தில், 1984-ல், அவருக்கு நடுக்க நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 1996-ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக்ஸ் தீபத்தை அந்தக் கை நடுங்க நடுங்க ஏற்றியதை டெலிவிஷனில் பார்த்தோம். என் வீட்டுக்காரர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். தலையில் குத்து வாங்கி வாங்கி மூளை மங்குகிறது என்று அமெரிக்க டாக்டர் ஒருவர் 1928-லேயே எழுதி வைத்திருக்கிறார். மேடையில் வாங்கும் குத்து கொஞ்சம். பயிற்சியில் தினமும் வாங்குவதுதான் அதிகம் என்கிறார்கள்.

மூன்றாவது வரியை எழுதக் கை வரவில்லை, எழுதினேன். 1982-ல் லாஸ் வேகாஸில் கொரியாக்காரப் பிள்ளை கிம் டுக் கூ 14-வது சுற்றில் விழுந்தான். சில நாளில் உயிர் போயிற்று. மகனைப் பறிகொடுத்த தாயும் சில மாதங்களுக்கு மேல் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பதினைந்து சுற்றைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள்.

பற்றுப் பக்கம் கனத்துவிட்டது என்பது வாஸ்தவம். 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால், நான் வேண்டாம் என்றால் இவன் சண்டையை விடுவானா, சொல்லாமல் போடுவானா? இந்த வயதில் பிள்ளைகள் எதைச் செய்வார்கள் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். ரகசியமாகக் குத்து வாங்குகிறவன், வலித்தாலும் வீட்டில் சொல்ல மாட்டான். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்று எனக்குப் பட்டது.

ஆகவே 'ஆகட்டும்' என்றேன், ஐந்து நிபந்தனைகளோடு. ஒன்று, பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கின பிறகுதான் மேடை. இரண்டு, வருஷம் ஒரு தடவை தலைக்கு ஸ்கேன், கண்ணுக்குச் சோதனை. ரிப்போர்ட் கோவிலூருக்கு வர வேண்டும். மூன்று, நினைவு தப்பி விழுந்தால் மூன்று மாதம் கையுறை மாட்டக் கூடாது, டாக்டர் ஒரு மாதம் போதும் என்றாலும் சரி. நாலு, பணம் மொத்தமாகக் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக எட்டுத் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் வரவு செலவுக் கணக்கு வர வேண்டும். ஐந்து, இரண்டு வருஷ முடிவில் இருப்பைப் பார்ப்போம். தேறாது என்றால் வேலைக்கு மனுப் போட வேண்டும். சர்க்கார் வேலைக்கு வயது வரம்பு இருக்கிறது, குத்துச் சண்டை அதற்காகக் காத்திருக்காது.

பேரன் கையெழுத்துப் போட்டான். என் மகள் பத்து நாள் என் டெலிபோனை எடுக்கவில்லை. பெற்ற மகள் பேசாமல் இருப்பதும் ஒரு குத்துதான். அதற்குக் கையுறை கிடையாது.

ஐப்பசியில் அவனுடைய முதல் சண்டை நடந்தது. நாலு சுற்று, புள்ளிக் கணக்கில் ஜெயித்தான். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எழுந்து வரும் பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று, முதலில் சுமாரான எதிராளிகளையே பார்த்து நிறுத்துவது இந்தத் தொழிலில் வழக்கமாம். தோற்பதற்கென்றே பஸ் ஏறி வருகிறவன் யார் வீட்டுப் பிள்ளையோ!

நாலாம் நாள் கணக்கு வந்தது. கிடைத்த தொகை, பயிற்சியாளர் பங்கு, ரயில் சார்ஜ், வைத்தியப் பரிசோதனை, எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தான். மிச்சம் ஒரு நல்ல சேலைக்குக்கூடப் போதாது. கடைசியில் ஒரு வரி: 'எதிராளிப் பையனுக்கு இட்லி, காப்பி: 140 ரூபாய். உதடு கிழிந்திருந்ததால் மெதுவாகச் சாப்பிட்டான். அவன் ஊருக்குப் பஸ் காலையில்தான்.'

அதை டெலிபோனில் மகளுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அந்தப் பையனுக்கு உதடு ஆறிடுச்சாமா, ஆத்தா?" என்று கேட்டாள்.

இரண்டாவது தவணையை அனுப்பி விட்டேன். இரண்டு வருஷ முடிவில் இருப்பு எப்படியிருக்கும் என்பது கொற்றவாளீசுவரருக்கே வெளிச்சம். ஆனால், அந்த 140 ரூபாயை மட்டும் பற்றிலிருந்து அடித்துவிட்டு, வரவுப் பக்கத்தில் எழுதிக் கொண்டேன்.