வரிக்கல்லின் அழகும் அதைத் தேய்த்தவரின் மூச்சும்

எங்கள் இலங்கையில் இரத்தினக்கல் என்றாலே நீலமும் வைடூரியமுந்தான் நினைவுக்கு வரும். இரத்தினபுரியில் அவை கரட் கணக்கில் நிறுக்கப்படுபவை. ஆனால், விலையில் அவற்றுக்கு ஈடாகாத ஒரு கல் உலகெங்கும் சேகரிப்பாளர் பலரின் மனத்தைக் கவர்ந்து வைத்திருக்கிறது. அகேற் என்பது அதன் பெயர். முஸ்லிம் அன்பர்கள் மோதிரத்தில் பதித்து அணியும் அகீக் கல்லும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மெல்லிய தகடாக அறுத்து, மெருகேற்றி, வெளிச்சத்தில் பிடித்தால் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல் வரிவரியாய் நிறங்கள் தெரியும்.

எரிமலைக் குழம்பு ஆறும்போது அதனுள் சிக்கிய வாயுக் குமிழிகள் வெற்றிடங்களாக எஞ்சுகின்றன. சிலிக்கா கரைந்த நீர் அவற்றுள் ஊறிப் படலம் படலமாகப் படிவதால் இவ்வரிகள் உண்டாகின்றன. எஃகுக் கத்தியாலும் இலகுவில் கீற முடியாத கடினம் இதற்குண்டு. சிசிலித் தீவின் அக்காத்தெஸ் ஆற்றிலிருந்தே இப்பெயர் வந்ததென்பது கிரேக்க அறிஞர் தியோபிராஸ்தஸ் காலத்துச் செய்தி.

இக்கல்லின் பெயரோடு பிரிக்க முடியாத ஊர், ஜேர்மனியில் நாஹே ஆற்றங்கரையிலுள்ள இடார்-ஓபர்ஸ்ரைன். நீர்ச்சக்கரங்களால் சுழலும் பாரிய மணற்கற் சில்லுகளின் முன்னே, தாழ்ந்த பலகைகளில் குப்புறப் படுத்தபடி தொழிலாளர் கற்களைத் தேய்த்தனர். ஈரமும் குளிரும் கல்தூளும் அவர்களுடைய நெஞ்சைப் பதம் பார்த்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வறுமை காரணமாகப் பலர் தென்னமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தனர். அவ்வாறு சென்றவர்கள் 1827ஆம் ஆண்டளவில் பிறேசிலின் ரியோ கிராண்டே டோ சூல் பகுதியில் ஏராளமான அகேற் கற்களைக் கண்டனர். அக்கற்கள் கப்பலேறி வந்து, தளர்ந்திருந்த ஊர்த்தொழிலுக்கு உயிர் கொடுத்தன. புலம்பெயர்ந்தவர் கையால் பிறந்த ஊர் பிழைத்த கதை நமக்குப் புதிதன்று.

சாயமேற்றும் கலையும் அவ்வூரில் வளர்ந்தது. நுண்துளைகள் கொண்ட படலங்கள் சாயத்தை உறிஞ்சும். செறிவான படலங்கள் வெண்மையாகவே நிற்கும். சீனிக் கரைசலில் ஊறவைத்துப் பின் கந்தக அமிலத்தில் இட்டால் சீனி கரியாகிக் கல் கறுக்கும். கடைகளில் காணும் பளிச்சென்ற நீலமும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் சாயமே. சாம்பல், பழுப்பு, செம்மை ஆகியவையே இயற்கையில் அதிகம் கிடைப்பவை.

இந்தியாவில் இத்தொழிலின் தாயகம் குஜராத்தின் காம்பத் நகரம். ரத்தன்பூர்ப் பகுதியில் அகழ்ந்த கற்களை வெயிலில் காயவைத்து, நெருப்பில் சூடேற்றிச் சிவக்கச் செய்து, உடைத்து, துளையிட்டு மணியாக்குவர். அத்தொழில் பெரும்பாலும் வீடுகளிலேயே நடப்பது. உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. அதைக் குணப்படுத்த மருந்தில்லை. சில்லைத் தொடாத குடும்பத்தினரிடமும் அயலவரிடமுங்கூட அந்நோய் காணப்பட்டுள்ளது.

தமிழகத்தில் கொடுமணலிலும் கீழடியிலும் நடந்த அகழாய்வுகளில் அகேற் மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. அவற்றை வியந்து எழுதுகிறோம். அவற்றைத் துளையிட்டவர் எத்தனை வயதுவரை மூச்சுவிட்டார் என்பதை எந்த மணியும் சொல்வதில்லை.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலம் ஈய அச்செழுத்துகளின் காலம். கட்டுரைத் தலைப்பின் கீழ் என் பெயர் வந்தது. அதை எழுத்தெழுத்தாகக் கோத்த அச்சுக்கோப்பாளரின் விரல்களில் ஈயக் கறை ஏறியது. அவர் பெயரை எந்த வாசகரும் அறியார். ஆதலால், மெருகேறிய ஒரு பொருளைக் கையிலெடுக்கும்போதெல்லாம் அதன் பின்னாலிருக்கும் கைகளை எண்ணாமல் இருக்க என்னால் இயலவில்லை.

வரிக்கல் சேகரிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்குமுன், நிறம் இயற்கையானதா என்று விற்பவரிடம் கேட்பீர்கள். அத்துடன், கல் எங்கே தேய்க்கப்பட்டது, நீர் ஊற்றித் தேய்த்தார்களா, தூளை உறிஞ்சும் பொறி பட்டறையில் உண்டா என்றும் கேளுங்கள். விற்பவருக்கு விடை தெரியாமற் போகலாம். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குச் சொல்வதற்காகவேனும் அவர் விசாரித்து வைப்பார்.