ஓட முடியாத மரம்

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு முதல் தடவை வர்றவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி: "அனல்மின் நிலையம் இருக்கிற ஊர்ல எப்படிங்க இவ்வளவு மரம்?" சுரங்கமும் சிம்னியும்தான் இருக்கும்னு நினைச்சு வந்து, தெரு முழுக்க நிழலைப் பார்த்து அசந்துடுவாங்க. முதல் மின் நிலையம் 1962-ல ஓட ஆரம்பிச்சு 2020-ல மூடியாச்சு. மத்தது ஓடுது. எனக்கு வேற கேள்வி. நாமாவது லீவுக்கு ஆயா ஊருக்குப் போயிடலாம். மரம் என்ன செய்யும்?

ஜன்னலைச் சாத்தும்! நிஜமாத்தான். இலையில இருக்கிற இலைத்துளையைப் பத்திப் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம். பழுப்பு நிலக்கரி எரியும்போது அதுல உள்ள கந்தகம் சல்பர் டை ஆக்சைடா வெளியே வருது. அது அதிகமானா பல செடிகள்ல காப்பு செல்கள் தளர்ந்து துளை மூடிக்கும். விஷம் உள்ளே வராது, சரி. ஆனா கார்பன் டை ஆக்சைடும் அதே வழியாத்தானே வரணும்? அப்போ சமையல் நின்னு போகும். விஷத்துக்குப் பயந்து பட்டினி. எவ்வளவு நேரம் தாங்கும்? திறந்துதான் ஆகணும்.

திறந்தா வேற வேலை ஆரம்பிக்குது (எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்). உள்ளே வந்த வாயு ஈரத்துல கரைஞ்சு சல்பைட் ஆகுது, அது பச்சையத்தைக் கெடுக்கும். சல்பைட் ஆக்சிடேஸ்னு ஒரு நொதி அதைச் சல்பேட்டா மாத்திடுது. சல்பேட், வேர் மண்ணுலேர்ந்து எடுக்கிற அதே சத்து! கூடவே வர்ற ஆக்சிஜன் வில்லன்களை வைட்டமின் சி அடக்குது, நெல்லிக்காய்ல இருக்கிற அதே சமாச்சாரம்.

1983-ல சிங், ராவ்னு ரெண்டு பேர் இதுக்கு ஒரு கணக்கே போட்டாங்க. இலையோட வைட்டமின் சி, பச்சையம், சாறோட பிஹெச், நீர் அளவு, இந்த நாலையும் வச்சு ஒரு மரம் எவ்வளவு தாங்கும்னு மார்க் போடலாம். பரீட்சை மரத்துக்கும் உண்டு :-)

சாம்பல் தூசிக்கு மட்டும் மெழுகுப் பூச்சும் மழையும்தான் துணை. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை போனா அப்புறம் ரொம்ப நாள் காத்திருக்கணும்.

மத்திய அரசு 2015-ல அனல்மின் நிலையங்களுக்கு சல்பர் டை ஆக்சைடு வரம்பு வச்சது. 2025 ஜூலையில, அதை வடிகட்டுற கருவி வைக்கணும்ங்கிற கட்டாயத்தைப் பெரும்பாலான நிலையங்களுக்குத் தளர்த்திட்டாங்க. மிச்சத்தை இலைதான் செரிக்கணும். அதுவும் இலை கருகினாத்தான் பாதிப்புன்னு இல்லை. பச்சையாவே இருக்கும், வளர்ச்சி மட்டும் குறையும்.

எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி நண்பர்களே, உங்க தெருவுல எந்த மரம் தாக்குப்பிடிக்குது?