டர்போ தானாகச் சாகாது

எஞ்சினுக்குள் டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே. பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சிக்கொள்ளும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து அழுத்தித் திணிக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டு ஒரு காற்றழுத்தியைச் சுழற்றினால் அது சூப்பர்சார்ஜர். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் காற்றை அழுத்தினால் டர்போசார்ஜர். முன்னது எஞ்சினின் பலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு, மிதித்த உடனே திருப்பித் தரும். பின்னது கழிவில் பிழைப்பது. வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும்.

மேல்நாடுகளில் ஸ்போர்ட்ஸ் செடான் வைத்திருப்பவர்கள் சூப்பர்சார்ஜரைத் தனியே வாங்கி மாட்டுகிறார்கள். அரை பார் அழுத்தம் கூட்டுவதற்கே பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர், எஞ்சின் கணினியில் (ஈசியூ) திருத்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும் வேலை அது. நம்மூரில் அதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. வண்டி, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து மாறக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். அதற்காக எஞ்சினைக் குடைந்து பலம் கூட்டிய கைகள் சென்னையில் இருந்தன. பந்தயம் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. இன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் வித்தையைத் தினமும் கையால் தொடுகிறவர்கள் யார் என்று கேட்டால் நான் எண்ணூர் பக்கம்தான் கை காட்டுவேன். பந்தயக் கார்களுக்காக அல்ல, கன்டெய்னர் டிரெய்லர்களுக்காக வேலை செய்கிறவர்கள் அவர்கள்.

ராயபுரத்திலிருந்து வடக்கே போகும் சாலை வண்டிகளாலேயே ஆனது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது எண்ணூரில். அதே காலத்தில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது; 2001இல் எண்ணூர்த் துறைமுகம். லாரி செய்யும் ஊர், லாரி ஓடும் ஊர், லாரி பழுதாகும் ஊர் மூன்றும் ஒன்றே ஆனது இப்படித்தான். காசிமேட்டுப் பக்கத்து ஜீரோ கேட்டிலிருந்து டிரெய்லர் வரிசை விரைவு சாலை நெடுக நீளும் நாட்களில், அந்த வரிசையின் ஓரத்துச் சந்துகளில் நடந்தால் பஞ்சர் கடை, டிங்கர் பட்டறை, லேத், டீசல் பம்ப் சர்வீஸ் என்று ஒரு மருத்துவமனையே பரந்து கிடப்பது தெரியும்.

நான் போனது டர்போ மட்டும் பார்க்கும் பட்டறை. தகரக் கூரை, ஒரு நீள மேஜை, ஒரு வைஸ், டீசல் நிரப்பிய தட்டுகள். பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்கிறார்கள். ராயபுரத்துக்காரர், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். எடுபிடி வேலையிலிருந்து தொடங்கியவர். கூட ஐடிஐ முடித்த ஒரு பையன்.

நான் இருந்தபோது ஒரு டிரைவர் கழற்றிய டர்போவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். "பாய், இழுவையே இல்ல. மணலி பாலம் ஏர்றதுக்குள்ள உயிர் போவுது. விசில் சத்தம் வேற." புதிது மாட்டலாமா, ரிப்பேர் ஆகுமா என்பது அவர் கேள்வி. பாய் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஸ்பேனரையும் எடுக்கவில்லை. டர்போவை மடியில் வைத்து, காற்று நுழையும் வாயில் விரல்களை விட்டுச் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். பிறகு தண்டை மேலும் கீழும் ஆட்டினார். உள்ளே தள்ளி வெளியே இழுத்தார். பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருக்கலாம். தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க வேண்டியது, அதற்கு இடம் வேண்டும். நீளவாட்டில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆடினாலோ த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது என்று பொருள். சக்கரம் பக்கத்துச் சுவரில் உரசத் தொடங்கும். லாரி டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடக்கூடியது. ஒரு பக்கம் 600, 700 டிகிரிப் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, இரண்டுக்கும் நடுவில் விரல் பருமன் தண்டு. அந்த வேகத்தில் உரசல் என்றால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

கழற்றுவதற்கு முன் சக்கரத்திலும் நட்டிலும் தண்டிலும் ஒரே நேர்கோட்டில் ஒரு கீறல் போட்டார். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் பேலன்ஸ் போய்விடும். நட்டு இடது மரை. தெரியாதவன் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் கழலாமல் இன்னும் இறுகும், தண்டே முறுக்கிக்கொள்ளும். தண்டு வெளியே வந்ததும் பையனிடம் நீட்டினார். "இன்னா தெரியுது?"

"நீலம் பாஞ்சிருக்கு பாய்."

"அப்போ?"

"எண்ணெ வரல."

பேரிங் உட்காரும் இடத்தில் எஃகு நீலமும் ஊதாவுமாக மாறியிருந்தது. எண்ணெய் இல்லாமல் சூடேறிய அடையாளம். அழுக்கு எண்ணெய் என்றால் வரிவரியாகக் கீறல் இருக்கும், வெளியிலிருந்து கல்லோ நட்டோ போயிருந்தால் இறக்கை நுனி நசுங்கியிருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு முகம் உண்டு. எண்ணெய் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை? பாய் டிரைவரிடம் எண்ணெய்க் குழாயையும் கழற்றி எடுத்துவரச் சொன்னார். வந்தது. அதன் வாயில் கேஸ்கெட்டோடு ஒட்டி, கடுகளவு உலர்ந்த பேஸ்ட். முன்பு வேறெங்கோ மாட்டியபோது யாரோ கசிவுக்குப் பயந்து பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். பிதுங்கிய மிச்சம் துளையைப் பாதி அடைத்துவிட்டது. அதைக் கவனிக்காமல் புது டர்போ மாட்டியிருந்தால் அதுவும் இதே நீலத்தோடுதான் திரும்பி வந்திருக்கும்.

"டர்போ தானா சாவாது சார்," என்றார் பாய். "யாரோ சாவடிப்பாங்க. அத்த கண்டுபுடிக்கறதுதான் வேலை. மாத்தறது அப்புறம்."

இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. பாகத்தை மாற்றுவதை யாரும் செய்யலாம். பாகம் ஏன் போனது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வருஷங்கள் வேண்டும். எண்ணெய் கசிகிற டர்போக்களில் பல நல்ல டர்போக்களே என்கிறார் பாய். எண்ணெய் திரும்பிப் போகும் குழாய் அடைத்திருக்கும், அல்லது கிராங்க்கேஸ் பிரீதர் அடைத்திருக்கும். பழி டர்போ மேல் விழும். கறுப்புப் புகை வந்தால் முதலில் இன்டர்கூலர் ஹோஸில் கிழிசல் இருக்கிறதா பார்க்கச் சொல்கிறார்.

சாவடிப்பவர்களில் துறைமுக வரிசையும் ஒன்று. பத்தடி நகர்வது, நிற்பது. ஏர் பிரேக்குக்குக் காற்று குறையக் கூடாது, எப்போது வரிசை நகருமென்று தெரியாது. அதனால் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும். அப்போது டர்போவில் அழுத்தம் ஏறாது. உள்ளிருக்கும் எண்ணெயைத் தடுத்து நிறுத்த எதிரழுத்தம் வேண்டிய சீல், மெல்லக் கசியவிடும். பாரத்தோடு இழுத்து வந்த சூட்டில் சட்டென்று அணைத்தாலோ வேறு கேடு. தேங்கிய எண்ணெய் தண்டின் மேலேயே கரியாகும். டிரைவரைக் குறை சொல்வது எளிது. வரிசையை உண்டாக்கியது அவர் அல்ல, தூக்கமும் குளியலும் இல்லாமல் அதில் கிடப்பவர் அவர்.

இந்த வித்தைக்குத் துறைமுகத்தோடு பழைய உறவும் உண்டு. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905இல் டர்போவுக்குக் காப்புரிமை எடுத்தார். 1920களில் இரண்டு ஜெர்மன் பயணியர் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில்தான் அது பெரிய அளவில் தன்னை நிரூபித்தது. இன்று இங்கே கன்டெய்னர் இறக்கும் கப்பல்களும் டர்போவால்தான் மூச்சுவிடுகின்றன. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியைச் சுமக்கும் டிரெய்லருக்கும் அதே ஏற்பாடு, அளவு மட்டும் சிறியது.

பையன் சக்கரத்தின் கரியை டீசலில் ஊறவைத்தான். கம்பி பிரஷ் கூடாது, இறக்கையில் கீறல் விழுந்தால் பேலன்ஸ் கெடும். முகத்தில் கைக்குட்டை, கையில் உறை இல்லை. நகக்கண்களில் கறுப்பு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. டீசல் கரியில் நாள் முழுக்கக் கிடக்கும் வேலைக்கு நல்ல உறையும் மூக்குமூடியும் ஆடம்பரமல்ல. பாய்க்கு ஒரு காது மந்தம். பேசும்போது மற்றக் காதைத் திருப்புகிறார்.

பையனின் கவலை வேறு. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி அமலானபின் வந்த வண்டிகளில் டர்போவும் கணினியின் பிடிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இறக்கைகளைத் திருப்பும் மின்னணு ஆக்சுவேட்டர் உள்ளவற்றை மாட்டியபின் கணினி வைத்து அளவு சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது, சந்தில் இல்லை. நீலத்தைப் பார்த்துக் காரணம் சொல்லும் கண்ணும் அந்தக் கருவியும் ஒரே மேஜையில் சேர்வதற்கு அரசோ ஆலையோ வழிசெய்தால் இழப்பு யாருக்குமில்லை. இத்தனை ஆலைகளைச் சுமக்கும் இந்த ஊர் அதைக் கேட்கும் உரிமை உடையது.

புது தண்டும் பேரிங்கும் பேலன்சிங் மிஷின் இருக்கும் இடத்துக்குப் போய் வந்தன. பூட்டியதும் பாய் எண்ணெய்த் துளையில் புது எண்ணெய் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊறவிட்டார். பேஸ்ட் தொடவே இல்லை, கேஸ்கெட் மட்டும். டிரைவருக்கு வரிசையாகச் சொன்னார்: முதலில் ஸ்டார்ட் ஆகாமல் கிராங்க் அடிக்கணும், ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் ஆக்சிலேட்டரில் கால் வைக்கக் கூடாது, எண்ணெயும் ஃபில்டரும் இன்றைக்கே மாற்றணும்.

ஓனர் போனில் மறுத்தார். டர்போவுக்கு மட்டும்தான் பணம், எண்ணெய் அடுத்த மாசம். பாய் போனை வாங்கி, கேட்கிற காதில் வைத்துக்கொண்டார்.

"ஓனர், பழைய எண்ணெய்ல தண்டு தேஞ்ச தூள் அம்புட்டும் இருக்குது. அதுல இத்த ஓட்டினா நாலு நாள் கூட தாங்காது. எண்ணெ மாத்தலன்னா நான் டர்போ குடுக்கல. உங்க பழைய சாமான அப்படியே சாக்குல கட்டித் தர்றேன், கூலியும் வேணாம்."

சிறிது நேரம் பேச்சு நடந்தது. பிறகு டிரைவர் எண்ணெய் வாங்கக் காசு வந்துவிட்டதா என்று போனைப் பார்த்துக்கொண்டே, திருவொற்றியூர் ஹை ரோடு பக்கம் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.