எடைக்குப் போகாத ரேம்

2025 டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வீட்டுக் கணினிக்காரர்கள் கடையில் வாங்கிப் பொருத்தும் 'குருசியல்' ரேம் வியாபாரத்தை 2026 பிப்ரவரியோடு முடித்துக்கொள்வதாகவும், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் கேட்கும் சரக்கைக் கொடுப்பதே இனி முதல் வேலை என்றும் அதில் இருந்தது. ரேம் விலை அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. அதே மைக்ரானுக்கு மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பத்து காவானில் பெரிய ஆலை இருக்கிறது. கெடாவின் சுங்கை பட்டாணியிலிருந்து நெடுஞ்சாலையில் காரை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அதன் வாசலுக்குப் போய்விடலாம். ஆனால் சுங்கை பட்டாணிக் கடையில் 8 ஜிபி ரேம் கேட்டுப் போகும் தோட்டத்துப் பையன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான்.

இந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான நண்பர் ஒருவர், புது ரேம் வாங்காமலேயே பழைய கணினிகளை ஓடவைக்கும் ஒரு பெண்ணிடம் என்னை அழைத்துப்போனார். ஊருக்கு வெளியே ஒரு தாமானில், கைப்பேசிக் கடையின் பின்பாதி அவருடைய பட்டறை. பத்திரிகையில் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் 'அக்கா'தான்.

மேசைமேல் திரை உடைந்த லேப்டாப்கள் அடுக்கியிருந்தன. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, பிள்ளைகளின் இணையவழிப் பாடத்துக்காகப் பெற்றோர் கடன்பட்டு வாங்கிய பழைய லேப்டாப்கள் அவற்றில் பல. அலுவலகங்கள் கழித்துவிட்டவை. இப்போது கீல் முறிந்தோ பேட்டரி உப்பியோ பயனற்றுக் கிடக்கின்றன. "திரை உடைஞ்சா உள்ள இருக்கிற ரேமும் போச்சுன்னு நினைச்சுக்குறாங்க சார். பத்துல ஒம்போது ரேம் நல்லாத்தான் இருக்கும்" என்றார் அக்கா. அசையும் பாகம் எதுவும் இல்லாத பொருள் அது. அவ்வளவு எளிதில் சாகாது.

லேப்டாப் ரேமின் நீளம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். மேசைக் கணினியின் ரேம் 133.35 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு பங்கு. டிடிஆர்3 தலைமுறையில் சிறியதற்கு 204 தொடுமுனைகள், பெரியதற்கு 240; டிடிஆர்4இல் 260, 288. வடிவம்தான் வேறு, சில்லுகள் ஒரே இனம். ஆகவே சிறியதைத் தன் முதுகில் தாங்கிக்கொண்டு பெரிய துளையில் போய் உட்காரும் ஒரு பச்சைப் பலகை இருந்தால் போதும். அக்கா அதைக் கன்வெர்ட்டர் என்கிறார். அதில் மூளை எதுவும் இல்லை, கம்பிப் பாதைகள் மட்டுமே. அதனால் ஒன்றை மறக்கக் கூடாது: டிடிஆர்3 ரேமை டிடிஆர்3 கணினியில்தான் போடலாம், டிடிஆர்4ஐ டிடிஆர்4இல்தான். தலைமுறையை மாற்ற எந்தப் பலகையாலும் முடியாது.

அன்று பாடாங் செராய் பக்கமிருந்து ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் வந்திருந்தான். மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி கொண்ட மேசைக் கணினி, அதில் ஒற்றை 4 ஜிபி ரேம். கூடவே வீட்டில் செத்துப்போன லேப்டாப். அக்கா லேப்டாப்பைத் திருப்பி, இரண்டு திருகுகளைக் கழற்றி, இரண்டு பக்கக் கொக்கிகளை நகத்தால் விலக்கினார். உள்ளே இருந்த இரண்டு ரேம்களும் சாய்ந்து எழுந்தன. சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. கோலா கெட்டில் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அம்மா பால்மரம் வெட்டியவர். 1990களில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, விடியுமுன் தோட்டத்து முச்சந்திக்கு வரும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிப் பாயான் லெப்பாஸ் போனார். 1972இல் இன்டெல் அங்கே ஆலை திறந்தது. மற்ற மின்னணு நிறுவனங்களும் தொடர்ந்து வந்தன. கெடாவின் தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் இப்படித்தான் அங்கே வேலைக்குப் போனார்கள். அக்காவுக்குக் கிடைத்தது பரிசோதனை மேசை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நுண்ணோக்கிக்குள் சில்லுகளின் கால்களைப் பார்ப்பது வேலை. வளைந்த கால், விரிசல் விட்ட ஈயப் பற்று, நிறம் மாறிய தங்கப் பூச்சு. "கண்ணு மூடினாக்கூட அந்தக் காலுங்கதான் தெரியும்" என்றார். பல வருஷங்களுக்குப் பின் அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். வேலை போனது. பார்வையில் ஏறிய படிப்பு மட்டும் போகவில்லை.

உலகத்துக்கே சில்லு சோதித்துக் கொடுத்த அந்தத் தலைமுறைப் பெண்களைச் சான்றிதழ் இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். பொறியியல் கல்லூரியில் இவரை உட்காரவைத்துப் பாடம் கேட்க வேண்டும்.

ரேமின் ஒட்டுத்தாளை அவர் வாசிக்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். 'பிசி3எல்-12800எஸ்' என்று இருந்தது. எல் என்றால் 1.35 வோல்ட்டிலும் ஓடக்கூடியது. பழைய மேசைக் கணினி தரும் 1.5 வோல்ட்டையும் தாங்கும். எஸ் என்றால் லேப்டாப் அளவு. 12800 என்பது 1600 வேகம். பிறகு சில்லுகளை எண்ணினார். இந்த எண்ணிக்கையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோர் 2 டுவோ காலத்து ஜி41 தாய்ப்பலகைகளில் 4 ஜிபி ரேம் என்றால் பதினாறு சில்லுகள் கொண்டதுதான் எடுக்கும். எட்டே சில்லுகளில் 4 ஜிபியை அடக்கிய பிந்திய ரேமை அந்தப் பலகைக்குப் படிக்கத் தெரியாது. ரேம் நல்லது, பலகையும் நல்லது, ஆனாலும் திரை இருட்டாகவே இருக்கும். "ரேம் கெட்டுப்போச்சுன்னு வீசிடுவாங்க" என்றார். மாணவனின் கணினி பிந்திய தலைமுறை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தார். கெடாவின் ஈரக்காற்றில் படியும் அழுக்கு மட்டுமே பல நேரங்களில் நோய். மின்கம்பியைக் கழற்றி, மிச்ச மின்சாரம் வடியப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, கன்வெர்ட்டரோடு ஒரு ரேமை மட்டும் செருகினார். ஓடியது. இரண்டாவதையும் போட்டதும் கணினி பீப் அடித்து நின்றது. கன்வெர்ட்டர் பலகை நடுவில் வந்ததால் மின்குறிப்புகள் போகும் பாதை நீண்டுவிடுகிறது. முழு வேகத்தில் அவை தடுமாறுகின்றன. ஒன்றை எடுத்துவிட்டு, பயாஸுக்குள் போய் 1600ஐ 1333 ஆகக் குறைத்து, மறுபடி செருகினார். பழைய 4 ஜிபியோடு சேர்த்து 12 ஜிபி காட்டியது. உடனே கையில் கொடுக்கவில்லை. இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்' ஓட்டி, ஒரு பிழைகூட வராவிட்டால்தான் தருவாராம்.

மாணவன் கன்வெர்ட்டர்களுக்கும் கூலிக்கும் மட்டும் காசு கொடுத்தான். ரேம் அவனுடையதே.

ஆனால் பெரும்பாலான லேப்டாப்கள் இந்த மேசைக்கு வருவதில்லை. தோட்டத்துக்குள்ளும் தாமானுக்குள்ளும் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பழைய சாமான் லாரிக்குப் போகின்றன. லாரிக்காரர் தூக்கிப் பார்த்து ஒரு விலை சொல்வார், ஓடாத சாமான்தானே என்று வீட்டுக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் இரண்டு ரேம்கள் மட்டுமே அந்தத் தொகையைப் போலப் பல மடங்கு பெறும். ரேமைப் பிடுங்கி இன்னொருவரிடம் விற்பதும், அவர் நகரத்துக் கடைக்கு விற்பதும், கடைசியில் அதே தோட்டத்துப் பிள்ளை அதைக் காசு கொடுத்து வாங்குவதும் தினமும் நடக்கிறது. இதை வியாபாரம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அன்று தோட்டத்தில் ஆள் தலைக்கு இவ்வளவு என்று கங்காணி காசு எடுத்தார். இன்று அதே குடும்பங்களின் அறியாமைக்குத் தலைக்கு இவ்வளவு என்று எடுக்கிறார்கள். பொருளின் மதிப்பைச் சொல்லாமல் வாங்குவது திருட்டுக்கு மிக அருகில் நிற்கிறது.

லாரியில் போனதன் மிச்சம் எங்கே எரிகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகளில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் பட்டியலிட்ட கழிவு. உரிமம் பெற்றவர்தான் கையாளலாம். 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்தபின் சட்டவிரோத ஆலைகளின் புகையைச் சுவாசித்த ஊர் சுங்கை பட்டாணி. இங்கே இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ரேம் ஏற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அக்கா யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளை ஏற்பதில்லை. மாணவனின் கணினியில் லினக்ஸ் மின்ட் போடப்போவதாகச் சொல்லி, அதில் எதெல்லாம் ஓடாது என்பதையும் முன்கூட்டியே சொன்னார். மெல்லிய புது லேப்டாப்கள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றிலிருந்து எடுக்க வழியில்லை.

கன்வெர்ட்டரே தேவைப்படாத கணினிகளும் உண்டு. அலுவலகங்கள் கழிக்கும் டெல் மைக்ரோ, லெனோவோ டைனி, எச்பி மினி போன்ற கையடக்க மேசைக் கணினிகள் லேப்டாப் ரேமையே நேராக எடுத்துக்கொள்பவை. பழைய கணினி வாங்க வருகிற பெற்றோருக்கு அக்கா இப்போது இவற்றைத்தான் சிபாரிசு செய்கிறார்.

மாணவனின் லேப்டாப்பில் மிச்சமிருந்த வன்தட்டை வெளிப்பெட்டியில் போட்டுத் தனியாகக் கொடுத்தார். உப்பிய பேட்டரியை மணல் வாளியில் வைத்தார். கூட்டை என்ன செய்வது என்று அவன் கேட்டான். "லாரிக்குப் போடாதே தம்பி, இங்கயே வெச்சுட்டுப் போ" என்று அதை மூலையிலிருந்த பெட்டியில் போட்டார். பெட்டி நிறைந்ததும் மின்கழிவு சேகரிப்பு மையத்துக்கு அதைக் காரில் கொண்டுபோவது நண்பரின் பொறுப்பு.