அப்பாவின் கண்ணாடிப் பெட்டி

அப்பாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி மரத்தால் ஆனது. மேலே அசல் பாம்புத்தோல். அந்தக் காலத்தில் பாம்புத்தோல் பர்ஸ், பெல்ட் எல்லாம் சர்வசாதாரணம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விட்டார்கள். நல்ல மாற்றம்தான்.

பெட்டியின் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. ஆம்பூர் போனபோது, செதில் அச்சுப் போட்ட ஆட்டுத்தோல் ஒரு துண்டு வாங்கி வந்து நானே ஒட்டினேன். மூடி மூடவில்லை. மரம்தான் உப்பிவிட்டது என்று உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்தும் விட்டேன். அப்பா தொட்டுத் தொட்டு வழவழப்பான விளிம்பு அது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புத் தைப்பவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஓரத்தைச் சீவாம ஒட்டிட்டீங்களா சார்?" மடிக்கும் இடத்தில் தோலை உள்பக்கம் சீவி மெல்லிசாக்க வேண்டுமாம். முப்பது வருடம் இங்கே தொழிற்சாலையில் மைக்ரோமீட்டர் பிடித்தவன் நான். தோலுக்கும் கனம் உண்டென்று உறைக்கவில்லை!

அவர் கத்தியைக் கொடுத்து என்னையே சீவச் சொன்னார். இப்போது மூடி மூடுகிறது. தேய்த்த பக்கம் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது.