நட்டவர் நாங்கள்தான்!

"மரத்தை வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பது பழமொழி. சென்ற ஆண்டு பள்ளி மைதானத்து ஓரத்தில் இருபது வேப்பங்கன்றுகளை நட்ட நாங்கள் அதைப் பொய்யாக்கிவிட்டோம். நட்ட அன்று பாட்டு, கைதட்டல், புகைப்படம் எல்லாம் இருந்தன. கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது மூன்றே கன்றுகள் உயிரோடு நின்றன. "நீ ஊற்றுவாய் என்று நினைத்தேன்" என்று ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டோம்.

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பிரேசில் நாட்டின் கதையைச் சொன்னார்கள்.

மரங்கள் கரியமில வாயுவை ஈர்த்துத் தம்முள் சேர்த்து வைக்கின்றன. காட்டை வெட்டி எரித்தால் அவ்வாயு மீண்டும் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது. பிரேசிலின் அமேசான் பகுதியில் 2004ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அவ்வாண்டே அந்நாட்டு அரசு ஒரு தேசியத் திட்டம் வகுத்தது. செயற்கைக்கோள் வழியாகக் காடு கண்காணிக்கப்பட்டது. களவாக வெட்டியோருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2008 முதல், விதிகளுக்கு உட்படாத நில உரிமையாளர்களுக்கு அப்பகுதியில் விவசாயக் கடன் மறுக்கப்பட்டது. 2012இல் அழிவு 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது!

ஆனால் சட்டம் தானாகக் காவல் நிற்பதில்லை. ஏழை விவசாயிகளுக்காகவும் காட்டுக்காகவும் பாடுபட்ட அருட்சகோதரி டாரதி ஸ்டாங், 2005 பிப்ரவரி 12 அன்று பாரா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 73. பிற்காலத்தில் அரசின் காவல் தளர்ந்தது. 2021இல் அழிவு 13,038 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. 2023இல் அத்திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. அழிவும் மீண்டும் குறைந்தது.

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு எங்கள் கன்றுகளே நினைவுக்கு வந்தன. சட்டம் இயற்றுவது கன்று நடுவதைப் போன்றது. அதை நாள்தோறும் நிறைவேற்றுவதே தண்ணீர் ஊற்றுவது. இறைவன் முதல் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது உழைப்பதற்கும் காப்பதற்கும் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அதில் பாதியை மறந்துபோனோமே!

இவ்வாண்டு பதினேழு கன்றுகளை மீண்டும் நட்டோம். இம்முறை புகைப்படம் எடுக்கவில்லை. விடுமுறையில் யார், எந்த நாளில் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர்ப் பட்டியல் எழுதி வகுப்பறைக் கதவில் ஒட்டினோம். பள்ளிக்கு அருகில் வசிக்கும் தோழியரின் பெற்றோரும் உதவ முன்வந்தார்கள்.

அன்புத் தோழியரே! நடுவது ஒரு நாள் வேலை. காப்பதோ நாள்தோறும் செய்ய வேண்டிய கடமை. காப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவியர்