லோ யாட் பிளாசாவுக்குப் போகுமுன்...



தலைநகருக்குப் போகும் நம்மவர்கள் பத்துமலையை வணங்குவார்கள். மஸ்ஜித் இந்தியாவில் சேலை எடுப்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சோறு சாப்பிட்டுவிட்டு, இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். இம்முறை உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். அது புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் உள்ள லோ யாட் பிளாசா. கணினியும் கைப்பேசியும் அவற்றின் உதிரிபாகங்களும் ஒரே கட்டடத்தில் குவிந்து கிடக்கும் பெரிய சந்தை அது.

ஏன் அங்கே போக வேண்டும்? 2020 மார்ச் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது நினைவிருக்கும். பள்ளிகள் மூடின, பாடம் வீட்டுக்கு வந்தது. அப்போது நகையை அடகு வைத்தும் சீட்டுப் பணத்தை எடுத்தும் எத்தனையோ தோட்டத்துப் பெற்றோர் பழைய மடிக்கணினிகளை வாங்கினார்கள். அந்தக் கணினிகள் இன்று திணறுகின்றன. பொத்தானை அமுக்கிவிட்டு, அம்மா சோறு வடித்து இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. "புதுசு வாங்கிக் கொடுங்கப்பா" என்று பிள்ளை கேட்கிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான். ஆனால், நல்லதொரு புதிய மடிக்கணினி வாங்கினால் அந்த மாதச் சம்பளம் அப்படியே கரைந்து போகும்.

ஆகவே சொல்கிறேன்: பழைய கணினியைத் தூக்கி எறியாதீர்கள். அதற்குப் புத்துயிர் கொடுக்கப் பெரும்பாலும் இரண்டே உதிரிபாகங்கள் போதும். ஆனால், என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டால், கடைக்காரர் சொன்னதே வேதமாகிவிடும்.

வீட்டிலேயே சோதனை

பயணம் புறப்படுமுன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பலகை திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் என்பது வெகுநேரம் 100 விழுக்காட்டிலேயே நின்றால், கணினியின் சேமிப்பு வட்டு மூச்சு வாங்குகிறது என்று பொருள். மெமரி என்பது எப்போதும் நிரம்பி வழிந்தால், ரேம் போதவில்லை என்று பொருள். ரேமுக்கு எத்தனை குழிகள் உள்ளன, அவற்றில் எத்தனை நிறைந்துள்ளன என்பதும் அதே பக்கத்தில் தெரியும். இவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கணினிகளில் இருப்பது ஹார்ட் டிஸ்க். அதனுள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சிறு கை அங்குமிங்கும் ஓடி ஓடித் தகவலைத் தேடுகிறது. கதவைத் தட்டித் தட்டி லயம் முழுக்க ஓர் ஆளைத் தேடுவது போன்ற வேலை அது. எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை வட்டில் சுழலும் பாகமே கிடையாது. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும். இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே, பல நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்துக்குள் விழித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

எல்லாக் கோளாறுக்கும் கோலாலம்பூர் போக வேண்டியதில்லை. கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் தவறாகக் காட்டுகிறதா? இணையப் பக்கங்கள் "பாதுகாப்பில்லை" என்று மறுக்கின்றனவா? பெரும்பாலும் உள்ளேயுள்ள சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் காசு மின்கலம் தீர்ந்திருக்கும். மேசைக்கணினியில் அதை மாற்றச் சில வெள்ளிதான் செலவு. தொட்டால் கொதிக்கிறதா, தானாக அணைந்துபோகிறதா? காற்றாடியில் தூசி அடைத்திருக்கும். செம்மண் புழுதி பறக்கும் நம் இடங்களில் இது சர்வ சாதாரணம்.

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை, திரை எரியாத மேசைக்கணினியைப் பட்டணத்துக் கடை ஒன்றுக்குத் தூக்கிப் போனார். "போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார்களாம். மனிதர் வாடிய முகத்தோடு பள்ளிக்கு வந்தார். மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, ரேம் துண்டைக் கழற்றினோம். அதன் பொன்னிற விளிம்பை உலர்ந்த சுத்தமான துணியால் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினோம். திரை எரிந்தது! ஒரு காசு செலவில்லை. எனவே, பணத்தை எடுக்குமுன் இதையும் செய்து பாருங்கள்.

வழி இதுதான்

விரைவுப் பேருந்தில் வருவோர் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்தே எல்.ஆர்.டி. பிடித்து ஹங் துவா நிலையத்துக்கு வாருங்கள். அங்கே மோனோரயிலுக்கு மாறினால் அடுத்த நிலையமே இம்பி. கிள்ளான் பக்கமிருந்து கொம்யூட்டர் இரயிலில் வருவோர், கே.எல். சென்ட்ரலில் இறங்கி மோனோரயில் ஏறினால் நான்காவது நிலையம் இம்பி. அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

ஹங் துவாவில் சற்று நின்று பாருங்கள். 1895-இல் கட்டப்பட்ட புடு சிறைச்சாலை இருந்த இடம் அது. சிறை போய், 2022-இல் அங்கே லாலாபோர்ட் பேரங்காடி திறக்கப்பட்டது. பழைய நுழைவாயிலை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இம்பியில் இறங்கியதும் பெர்ஜெயா டைம்ஸ் ஸ்குவேர் கண்ணில் படும். அதன் உள்ளே விளையாட்டுப் பூங்கா உண்டு. முதலில் அங்கே நுழைந்துவிட்டால் கணினி வேலை நடக்காது என்று எச்சரிக்கிறேன்!

கடைக்குள்ளே

லோ யாட் பிளாசாவில் கால் வைத்தவுடன் "என்ன வேண்டும், பாஸ்?" என்று மலாயில் பல குரல்கள் அழைக்கும். கண்ணைப் பறிக்கும் விளக்குகளோடு கைப்பேசிக் கடைகள் வரிசையாக இருக்கும். வேலைமுடிந்த சட்டையோடு வந்திருக்கிறோமே என்று கூசாதீர்கள். நேராக மின்படி ஏறுங்கள். உதிரிபாகம் விற்கும் கடைகளையும் பழுதுபார்க்கும் கடைகளையும் மேல்மாடிகளில் தேடுங்கள்.

முதல் கடையிலேயே வாங்காதீர்கள். மூன்று கடைகளில் விலை கேளுங்கள். "எஸ்.எஸ்.டி. எவ்வளவு, ரேம் எவ்வளவு, பொருத்தும் கூலி எவ்வளவு, பழைய வட்டிலுள்ளதைப் புதியதில் படியெடுக்க எவ்வளவு?" என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பொலே குராங்?" என்று கேட்பதில் வெட்கமில்லை, தவுக்கேயும் அதை எதிர்பார்த்தே இருப்பார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக் குவித்ததால், 2025-இன் இறுதியில் ரேம் விலை உலகமெங்கும் எகிறியது. பணம் குறைவென்றால் எஸ்.எஸ்.டி.யை முதலில் மாற்றுங்கள். ரேம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரேமில் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று வகைகள் உண்டு. வெட்டு இருக்கும் இடம் வேறுபடுவதால் ஒன்று மற்றதன் குழியில் நுழையாது. மடிக்கணினிக்கு உரியது குட்டையானது. மேசைக்கணினிக்கு உரியது நீளமானது. சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்தே விட்டிருப்பார்கள். அதை மாற்ற முடியாது. ஆகவே, கணினியையும் அதன் மின்னேற்றியையும் கையோடு கொண்டு போங்கள்.

வேலையை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் அங்கேயே திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். உத்தரவாதக் காலம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய வட்டைக் கட்டாயம் திரும்பப் பெறுங்கள். தாத்தா பாட்டியின் படங்களும், அடையாள அட்டையின் நகலும், சேமநிதிக் கணக்கும் அதிலேதான் இருக்கின்றன. அதை முன்பின் தெரியாதவர் கையில் விட்டுவிட்டு வரலாமா?

ஏமாற்றப்பட்டால் வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். ரசீதுதான் அங்கே உங்கள் சாட்சி.

இன்னொரு கேள்வியும் எழும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி போன்ற தகுதிகள் வேண்டும். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றினால் மட்டும் அந்தத் தகுதி வந்துவிடாது. உங்கள் கணினி அதற்குமுந்தியது என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்லலாம். பாடம் தேடவும் கட்டுரை தட்டச்சு செய்யவும் அது தாராளமாகப் போதும்.

வீடு திரும்பிய பின்

இடி இடித்தால் கணினியின் முளையைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். இணையக் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டால், தாமதிக்காமல் முக்கியமானவற்றை வேறிடத்தில் படியெடுத்துவிடுங்கள். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். பயன்படுத்துவதை நிறுத்திக் கடைக்காரரிடம் காட்டுங்கள். மேசைக்கணினியின் மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் பிரிக்காதீர்கள். முளையைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் போய் வாருங்கள். போகும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் திருகாணியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். அந்தப் பிள்ளை பார்த்துக் கற்றுக்கொண்டால், அடுத்த முறை பக்கத்து வீட்டுக் கணினி நின்றுபோகும்போது, லயத்தில் யாரும் பட்டணத்துக்கு ஓட வேண்டியிருக்காது.